தண்ணிப் பசை

ஒட்டிக்கொண்டுவிட்டது என்று தெரிந்ததும் தெய்வசிகாமணி முதலில் செய்த காரியம் கடிகாரத்தைப் பார்த்ததுதான். மூன்று பத்து. சௌந்தரம் கிளம்பிப் போய் இருபது நிமிஷம் இருக்கும், ஆட்டோ இந்நேரம் ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கும், கேட் போட்டிருந்தால் அங்கேயே நிற்கும், போட்டிருந்தால் நல்லது என்று ஏன் தோன்றுகிறது, சே, கையைப் பார் முதலில். இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேஜைமேல் கட்டிக்கொண்டிருந்த சின்ன மாடல் பந்தய வண்டியின் மூக்கில். வலது கட்டைவிரலும் நடுவிரலும் ஓட்டுகிறவன் உட்காரும் குழிக்குப் பக்கத்தில். நாலு விரலும் கெட்டியாக. மெதுவாக இழுத்துப் பார்த்தார். விரல் தோல் வெளுத்து நீண்டதே தவிர விடவில்லை, கூடவே வண்டியின் மேல்கூடு லேசாக முனகியது. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு. இன்னும் ஒரு நூல் இழுத்தால் நடுவில் பிளந்துகொள்ளும், பதினாலு மாச வேலை பிளந்துகொள்ளும். பம்ப் கம்பெனி டூல் ரூமில் முப்பத்தாறு வருஷம், அதில் பதினொரு வருஷம் ஃபோர்மேன், ஒரு நாள் ஒரு விரல் நகம் கூடச் சிதைந்ததில்லை, எத்தனை பயல்களை இந்த வாயால் திட்டியிருப்பார், கண்ணை எங்கடா வெச்சிருந்தே என்று. இப்போது அந்தப் பயல்களில் ஒருத்தன் உள்ளே வந்து பார்த்தால் போதும். ஃபேனை வேறு நிறுத்தி வைத்திருந்தார், காற்றில் பசை சீக்கிரம் இறுகிவிடும் என்று. முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது, இடுப்பு வேட்டிக்கட்டில் போய் நின்றது. மூக்கு அரித்தது. கை இரண்டும் மாட்டிக்கொண்டால்தான் மூக்கு அரிக்கும் போலிருக்கிறது.

நாலு டேப் துண்டுகள் மேஜை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. அவரே வெட்டி வைத்தவை, ஒரே அளவில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே. இந்த வேலை செய்கிற யாருக்கும் தெரிந்த விஷயம்: இரண்டு பாகத்தையும் சேர்த்து வைத்து டேப் போட வேண்டும், கையை எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் இணைப்பில் ஒரு சொட்டுத் தண்ணிப் பசை. கெட்டிப் பசை விட்ட இடத்தில் நிற்கும். தண்ணிப் பசை நிற்காது, சந்து கண்ட பக்கமெல்லாம் ஓடும், அங்கே விரல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடும். வாட்ஸப் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போத்தனூர் ஜெரால்டு முதலில் அனுப்புவதே இதைத்தான். அந்தக் குழுவில் மொத்தம் ஒன்பது பேர், ஒன்பது பேரும் பெட்டியில் வருகிற பாகங்களை வாங்கி ஒட்டுகிற ரகம் இல்லை. சக்கரம் முதல் சக்கரத்தின் ஆணி வரை கையால் செய்தது. வாங்கின சாமான் வண்டியில் ஏறக்கூடாது என்பது ஜெரால்டின் சட்டம். வீட்டில் எடுத்த சாமான் ஏறலாம். புகைக்குழாய்க்கு டாக்டர் ஊசி, சுருள் கம்பிக்குக் கிதார் தந்தி, மீட்டர் வட்டங்களுக்குச் சௌந்தரத்தின் ஸ்டிக்கர் பொட்டு, மிகச் சின்னது. சக்கர நடுவில் இருக்கிற பித்தளைத் திருகு அவள் கம்மலுடையது. அதை அவள் ஆறு மாசமாகத் தேடி, பெருக்குகிற பெண்ணைச் சந்தேகப்பட்டு, பிறகு விட்டுவிட்டாள். டேப் இருக்கிறது. முறை தெரியும். அப்புறம் ஏன் கையால் பிடித்தீர் ஃபோர்மேன் சார். அவசரம். என்ன அவசரம். பொய்யை நிஜமாக்குகிற அவசரம். இரண்டே முக்காலுக்கு அவள் புடவை மாற்றி, பையில் ரசீதை வைத்துக்கொண்டு இந்த அறை வாசலில் வந்து நின்றாள். "ஏனுங்க, ஒரு எட்டு போயிட்டு வந்தர்லாமுங்களா? மூணு மணிக்கு ரிசல்ட் குடுத்துருவாங்களாம்." அவர் திரும்பாமல் சொன்னார்: "பசை போட்டுட்டேன் அம்மிணி, இப்ப உட்டா அவ்வளவுதான். கவரை வாங்கறது மட்டுந்தானே, ஆட்டோல போயிட்டு வந்துரு." பசை போடவில்லை. பாட்டில் மூடியையே திறக்கவில்லை. அவள் செருப்புப் போடுகிற சத்தம் கேட்டது, லிஃப்ட் கதவு கேட்டது. கேட்டதும் இவர் பாட்டில் மூடியைத் திறந்தார். அவள் ஏதாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தால், பசை எங்கே என்று பார்த்தால். இடது கையால் பிடித்து, வலது கையால் சொட்டு விட்டு, மறுமுனை விலகுவதைப் பார்த்துப் பாட்டிலைப் போட்டுவிட்டு வலது கையாலும் பிடித்தார். சொன்ன பொய் இப்போது நிஜமாகிவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே.

வழி இல்லாமல் இல்லை. அசிட்டோன் பாட்டில் ஒரு சாண் தூரத்தில் விளக்கடியில் இருக்கிறது. முழங்கையால் தள்ளி, பல்லால் மூடியைத் திருகி, கவிழ்த்தால் விரல் ஒரு நிமிஷத்தில் விட்டுவிடும். ஆனால் விரலை விடுவிக்கிற அதே அசிட்டோன் இந்தத் தகட்டைப் பாலில் விழுந்த அப்பளமாக்கிவிடும். மூக்கு போய்விடும், குழியோரம் போய்விடும். சரி, அது வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புக் கரைத்து ஊற வைத்தால் தோல் தானாக நழுவும், அரை மணி நேரம் ஆகும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. சமையலறை எத்தனை எட்டு. பன்னிரண்டு. கால் ஒட்டிக்கொள்ளவில்லையே. எழுந்து வண்டியைக் கையிலேந்திக்கொண்டு போய், குழாயை முழங்கையால் திறந்து, ஏதாவது ஒரு பாத்திரத்தில். இதெல்லாம் மூன்று பதினைந்துக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று இருபதுக்கும் நாற்காலியிலேயே இருந்தார். மேல்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. மேஜையில் இருந்த போன் அப்போது அடித்தது, திரையில் சௌந்தரத்தின் முகம், மகள் புனேயிலிருந்து வந்தபோது எடுத்துப் போட்டுக் கொடுத்த படம், பாதி சிரிப்பில் கண்ணை மூடிவிட்டாள். போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையில் நகர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை மாட்டியிருக்கிறது, எப்படி எடுப்பது. மாட்டியிருக்கிறதே. எடுக்க முடியாதே. அந்த நினைப்பு வயிற்றுக்குள் இதமாக இறங்கியது, அந்த இதம்தான் அவரைத் திடுக்கிட வைத்தது. சௌந்தரம் இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் இருந்தவள், மணியைப் பாதியில் துண்டிக்க மாட்டாள், எதிர்முனைக்காரன் எங்கே இருந்தாலும் எழுந்து வருகிற அளவுக்கு அடிக்க விடுவாள். கடைசி வரை அடித்து நின்றது.

நல்லதாக இருந்தால் கூப்பிட்டிருப்பாளா. நல்லது என்றால் வந்து சொல்லலாம் என்று இருப்பாள். கெட்டது என்றால் போனில் சொல்ல மாட்டாள். அப்படியானால் ஏன் கூப்பிட்டாள், ஆட்டோவுக்குச் சில்லறை இல்லையோ, ரசீதை மறந்துவிட்டாளோ. மூன்றாம் வட்டத்துக்கு வந்துவிட்டது நினைப்பு, இதே தடத்தில்தான் பதினொரு நாளாக ஓடுகிறது, அவளுக்கு ஊசி குத்தி ஒரு துளி சதை எடுத்த நாளிலிருந்து. எங்கே ஆரம்பித்தாலும் அந்தத் திருப்பத்தில் வந்து நின்றுவிடுகிறது. அது ஊசிக்கு ரொம்ப முந்தின ஒரு வெள்ளிக்கிழமை, குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். "இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க. என்னமோ தட்டுப்படற மாதிரி இருக்குது." இடது பக்கம், அக்குளை ஒட்டி. அவர் இந்தக் கட்டைவிரலைத்தான் வைத்தார், இதோ இப்போது வண்டி மூக்கில் ஒட்டிக் கிடக்கிற இதே விரலை. இந்த விரலைப் பற்றி டூல் ரூமில் கதை உண்டு. அளவுகோல் எடுக்காமல் தடவியே மேடு பள்ளம் சொல்லும், தலைமுடியில் பாதி இருந்தாலும் சொல்லும், பெரிய இஞ்சினியர்களே மெஷின் காட்டுகிற அளவைச் சரிபார்க்க மணியண்ணனைக் கூப்பிடு என்பார்கள். அந்த விரல் வைத்த மாத்திரத்தில் சொல்லிவிட்டது. புளியங்கொட்டை அளவு, ஓரம் சொரசொரப்பு, நகரவில்லை. நகரவில்லை என்பதுதான். விரலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார், தேடுகிற மாதிரி. "எனக்கு ஒண்ணுந் தெரியல அம்மிணி. கொழுப்பா இருக்கும். வயசாச்சில்ல." அவள் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு சமைக்கப் போனாள். அன்று தக்காளிக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டார், அதுதான் இப்போது தாங்கவில்லை, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அதற்கப்புறம் இரண்டு மாசம். டாக்டர் கேட்டபோது சௌந்தரம்தான் சொன்னாள், எப்பவோ தட்டுப்பட்டது, பெரிசா எடுத்துக்கலைங்க என்று. இன்னார் ஒன்றுமில்லை என்று சொன்னார் என்று சொல்லவில்லை. டாக்டரம்மா பேனாவை மூடி, "ரெண்டு மாசமா" என்று மட்டும் சொன்னாள். அறுபது நாள். அந்த அறுபது நாளில் இவர் முன் அச்சையும் நாலு சக்கரத்தையும் முடித்தார்.

இரண்டாவது தடவை போன் அடித்தபோது மூன்று நாற்பது. மூக்கால் தொட்டால்கூட எடுக்கும், பக்கத்து வீட்டுக்காரி மாவு பிசைகிற கையோடு அப்படி எடுப்பதை இவரே பார்த்துச் சிரித்திருக்கிறார். குனிந்தார். வண்டியை மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திரைக்கு நாலு விரற்கடை வரை கொண்டு போனார். பச்சை வட்டம் துடித்தது. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அதற்கு மேல் கழுத்து இறங்கவில்லை. கழுத்தில் யாரும் பசை விடவில்லை, இருந்தும் இறங்கவில்லை. எடுத்தால் அவள் குரல் வரும். எண்களைத் திருத்தமாகச் சொல்லிப் பழகிய அந்தக் குரல் வந்துவிட்டால் இந்த மத்தியானம் முடிந்துபோகும், இதற்கு முந்தின எல்லா மத்தியானங்களும் முடிந்துபோகும். அடித்து ஓய்ந்தது. நிமிர்ந்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கண்ணுக்குள் விழுந்து எரிந்தது. எரியட்டும். சுவரில் மூன்று படங்கள், இந்த வண்டியின் மூன்றே படங்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் ஷெட் ஒன்றில் நாலு பேர் சேர்ந்து கட்டி, சோழவரத்தில் இரண்டே பந்தயம் ஓடி, பிறகு காயலான் கடைக்குப் போய்விட்ட ஒற்றை இருக்கை வண்டி. மூன்று படமும் வலப்பக்கத்திலிருந்து எடுத்தவை. இடப்பக்கம் எப்படி இருந்தது என்று இன்றைக்கு உயிரோடிருக்கிற யாருக்கும் தெரியாது. வலதைப் பார்த்து இடதை இவராகக் கற்பனை செய்துதான் வெட்டினார், காற்றுப் போகும் துளை, பெட்ரோல் மூடி, எல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பில். ஜெரால்டு ஒருமுறை கேட்டார், இடப்பக்கம் உனக்கு எப்படித் தெரியும் மணி என்று. "கைக்குத் தெரியும்" என்று பெருமையடித்துக்கொண்டார். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. தெரியாத இடப்பக்கத்தைத் தெரியும் என்றார். தெரிந்த இடப்பக்கத்தைத் தெரியாது என்றார்.

எழுந்தார். ஒருவழியாக எழுந்துவிட்டார். வண்டியைப் பூஜைத் தட்டு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு, ஒன்று, இரண்டு, கூடம் வரை வந்து, எட்டு, ஒன்பது, சமையலறை வாசல். சிங்க்கில் அவள் கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டுகள். குழாய்க் கைப்பிடி நீளமானது, முழங்கைக்கு வாகானது, அவரே மாற்றிப் போட்டது. திறக்கலாம். திறந்தால் கை வந்துவிடும். கை வந்துவிட்டால் போனை எடுத்துத் திரும்பக் கூப்பிட வேண்டும். லேபில் அந்த நீல நாற்காலி வரிசையில் அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், ஓரத்து நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் வழி விட்டுக்கொண்டு. பக்கத்தில் யார் இருப்பார்கள். ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். நான் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம், இத்தனை வட்டம் சுற்றி வருகிற விஷயம் இவ்வளவுதான், நான் பயந்தாங்கொள்ளி, பதினொரு நாளாக இல்லை, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து இல்லை, அவளுக்குப் பிரசவ வலி கண்டபோது டூல் ரூமில் அவசர வேலை என்று நின்றுகொண்டவன், அவள் அப்பா போனபோது சுடுகாட்டுக் காரியத்தை மச்சானிடம் விட்டுவிட்டுப் பந்தலுக்குச் சேர் எண்ணிக்கொண்டிருந்தவன். கையில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்படி பார்த்துக்கொண்டவன். அழுகை வந்தது, துடைக்கக் கை இல்லை. தோள்பட்டையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கீழே லிஃப்ட் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் குழாயைத் திறக்கவில்லை. திரும்பி, பன்னிரண்டு எட்டும் வேக வேகமாக நடந்து, நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார், எழுந்திருக்காதவர் மாதிரி. அது வேறு யாரோ, மூன்றாவது மாடியிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எழுந்திருக்கவும் இல்லை. மூன்றாவது தடவை போன் அடித்தது, அதையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நாலேகாலுக்குச் சாவி திரும்பியது. சௌந்தரம் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக இங்கேதான் வந்தாள். பையிலிருந்து பழுப்புக் கவர் பாதி வெளியே தெரிந்தது. வாய் திறந்தவள் அவர் கையைப் பார்த்து நின்றாள். வண்டியைப் பார்த்தாள், தொங்குகிற டேப்பைப் பார்த்தாள், சாய்ந்து கிடந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"ஒட்டிக்கிச்சுங்களா?"

"ம்."

"எப்ப?"

"நீ போனதும்."

கவரை எடுத்து மேஜையில், அவருக்கு நேராக வைத்தாள். வாயில் இரண்டு பின் அடித்திருந்தது, அப்படியே இருந்தது.

"நான் பிரிக்கலைங்க. பிரிக்கட்டுமான்னு கேக்கத்தான் மூணு தரம் கூப்பிட்டேன்."

தெய்வசிகாமணிக்குக் காது இரண்டும் சுட்டன. மூன்று தரம். அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, பிரிக்காத கவரை வைத்துக்கொண்டு மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள், வரும் வழியெல்லாம் ஆட்டோவில் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், இவரோ அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதென்று நினைத்து அவள் குரலுக்கு ஒளிந்துகொண்டிருந்தார். போதும் என்று இருந்தது. நிஜமாகவே போதும் என்று.

"அந்த அசிட்டோனை எடு."

"எதுக்குங்க?"

"கையில ஊத்து. நான் பிரிக்கறேன்."

"அதை ஊத்துனா வண்டி கரைஞ்சு போயிருமே."

"போகட்டும். ஊத்து சௌந்தரம்."

அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள். மூடியைத் திருகப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை எடுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். குழாய் ஓடியது, அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பாட்டில் இல்லை, அரிசி களைகிற அகலப் பாத்திரம் இருந்தது, ஆவி லேசாகக் கிளம்பியது, மேலே சோப்பு நுரை.

"கையை உடுங்க. சூடு பொறுக்குதான்னு பாத்துக்குங்க."

"இதுல அரை மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் நெற்றியையும் கண்ணையும் துடைத்துவிட்டாள். "எனக்கும் ஒரு அரை மணி நேரம் வேணுமுங்க."

வண்டியின் மூக்கும் வயிறும் அவர் விரல்களும் நுரைக்குள் மூழ்கின. கவர் அங்கேயே இருந்தது. இப்போது அதைப் பார்க்காமல் இருக்க அவரால்தான் முடியவில்லை, பற்றிக்கொண்டு வந்தது, பல்லால் கடித்துப் பிரித்துவிடலாம் என்று வந்தது. இப்படித்தான் இருந்திருக்கும் அவளுக்கு, பதினொரு நாளும், அதற்கு முன்னால் அறுபது நாளும், தனியாக.

"சௌந்தரம். அன்னைக்குத் தொட்டுப் பாக்கச் சொன்னியே."

"சொன்னேன்."

"கைக்குத் தெரிஞ்சுது. உடனே தெரிஞ்சுது. இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவள் ஒரு விரலைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்தாள். கூடவே கொண்டு வந்திருந்த சொம்பிலிருந்து கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள், அவர் கை சுடாதபடி ஓரமாக.

"எனக்கும் தெரிஞ்சுதானுங்க கேட்டேன். தெரியாமயா ரெண்டு மாசம் இருந்தேன்?" சொம்பைக் கீழே வைத்தாள். "நீங்க இல்லைன்னு சொன்னது அன்னைக்கு நல்லா இருந்துச்சு. அதையே புடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் கையும் எப்போதோ பாத்திரத்துக்குள் வந்துவிட்டிருந்தது, அவர் மணிக்கட்டைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. நாலு ஐம்பது இருக்கும், நுரைக்குள் இடது கட்டைவிரல் மெல்ல நழுவி வண்டியை விட்டு வந்தது. பின்னாலேயே ஆள்காட்டி விரல். வலது கையும் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. நாலு விரலும் தண்ணீருக்கடியில் தனித்தனியாக இருந்தன, வண்டி பாத்திரத்தின் அடியில் பத்திரமாக உட்கார்ந்தது. அவர் கையை வெளியே எடுக்கவில்லை. சௌந்தரம் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல அம்மிணி," என்றார்.